வண்டியைத் தூக்கும் முன் காற்றை இறக்கிப் பாருங்கள்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களான மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கமிருந்து தார் ஜீப்போ பொலேரோ கேம்பரோ கொண்டுவருபவர்கள் பட்டறையில் முதலில் கேட்பது, வண்டியின் உயரத்தைக் கூட்டும் லிஃப்ட் கிட்தான். "கரையில புதையுதுண்ணே, ரெண்டு இஞ்ச் தூக்கி விடுங்க" என்பார்கள். பெரும்பாலும் வண்டி புதைவது உயரக் குறைவால் அல்ல. தார்ச்சாலைக்கு வைத்த காற்றோடு மணலில் இறங்குவதால்தான். டயரில் காற்றை 15 முதல் 18 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் தடம் நீண்டு எடை பரவும், அதே வண்டி அதே மணலில் நகரும். மெதுவாக ஓட்டுங்கள், ஸ்டியரிங்கைச் சட்டென ஒடிக்காதீர்கள், இல்லையென்றால் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும். சாலையேறும் முன் காற்றை நிரப்ப ஒரு சின்ன கம்ப்ரசர் போதும். லிஃப்டுக்கு ஆகும் செலவில் அது ஒரு மூலைக்கு வராது.

வண்டி உயர்ந்தால் பிரேக் ஹோஸ் இழுபடும், சக்கரத்துக்கு விசையைக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்டின் கோணம் மாறி அதன் மூட்டில் இருக்கும் கிராஸ் சீக்கிரம் தேயும், முன்சக்கரக் கோணம் மாறி ஸ்டியரிங் அலையும். இதையெல்லாம் சரிசெய்யாமல் உயரம் கூட்டும் கட்டையான ஸ்பேசரை மட்டும் சொருகித் தருபவரிடம் வண்டியை விடாதீர்கள். இன்னொன்று காற்று. பழைய பாம்பன் ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். அப்படிப்பட்ட பக்கக்காற்றில், பக்கத்துச் சாலைப் பாலத்தில் உயர்த்திய வண்டியை ஓட்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை.

பெரிய டயர் போட்டால் ஸ்பீடோமீட்டர் குறைத்துக் காட்டும். 31 இஞ்சுக்குப் பதில் 33 இஞ்ச் மாட்டினால், 80 என்று முள் காட்டும்போது வண்டி 85-ல் போகும். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் சுமை கூடும். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கல் வரும்.

எனக்கு உண்மையில் பயம் தருவது இழுவைதான். வள்ளத்தைக் கரையேற்றும்போதும் புதைந்த வண்டியை மீட்கும்போதும் கயிற்றை டிரெய்லர் மாட்டும் பந்துக் கொக்கியில் போடுகிறார்கள். அந்தப் பந்து டிரெய்லரை நிதானமாக இழுப்பதற்கு மட்டுமே. வெட்டி இழுத்தால் அதன் கழுத்து முறிந்து குண்டு போலப் பாயும். எதிரே நிற்பவர் உயிருக்கே ஆபத்து. பம்பரிலும் கட்டாதீர்கள். சேசிஸில் போல்ட் போட்டு இறுக்கிய, தாங்கும் எடை பொறித்த மீட்புக் கொக்கியில் ஷேக்கிள் என்ற இரும்பு வளையத்தை மாட்டி இழுங்கள். வெட்டி இழுக்க நீளும் பட்டைதான் வேண்டும். வின்ச்சின் இரும்புக் கயிறோ சங்கிலியோ ஆகாது. பட்டையின் நடுவில் கனமான சாக்கைப் போடுங்கள். சுற்றி நிற்பவர்களைப் பட்டையின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்கு அனுப்பிவிட்டு அப்புறம் ஆக்சிலேட்டரை மிதியுங்கள். அதற்கும் முன்னால் சக்கரத்தடி மணலை மண்வெட்டியால் அள்ளிப் பாருங்கள், பாதி நேரம் இழுக்க வேண்டிய தேவையே இருக்காது.

சுற்றிப் பார்க்க வருபவர்கள் தனுஷ்கோடி மணலில் வண்டியை இறக்கவே வேண்டாம். தை முதல் பங்குனி வரை அங்கே ஆமைகள் முட்டையிடும். மணலுக்கு அடியில் இருக்கும் முட்டை டயரில் நசுங்குவது ஓட்டுபவருக்குத் தெரியாது. தொழிலுக்காகக் கரையில் இறங்கும் வண்டிகளை அன்றன்றே நல்ல தண்ணீரில் அடிப்பாகம் வரை கழுவுங்கள். கடல்நீரில் முங்கிய டிரெய்லர் என்றால் ஹப்பைத் திறந்து பேரிங்குக்குப் புது கிரீஸ் வையுங்கள்.