சாலியரிக்குக் காது இருந்தது

உயர்நிலை ஒன்றில் படிக்கும் பெண். சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஐந்து வருடமாக வயலின் கற்றவள், திடீரென்று பெட்டியைத் திறப்பதையே நிறுத்திவிட்டாள். "சோம்பேறித்தனம் மேடம், நீங்களே சொல்லுங்க" என்று அம்மா என்னிடம் ஆலோசனைக்கு அழைத்து வந்தார். ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டுப் பேசினேன். விஷயம் சித்தி மகள். இரண்டு வயது சின்னவள், வகுப்பில் பின்னால் சேர்ந்தவள். "தோடி ராக வர்ணத்துல காந்தார ஸ்வரம் இருக்குல்ல ஆன்ட்டி, எனக்கு அது விழவே மாட்டேங்குது. அவ ரெண்டு வாரத்துல பிடிச்சிட்டா." சொல்லும்போதே இடது கை விரல் மேசைமேல் அசைந்தது.

எனக்கு 'அமேடியஸ்' படம்தான் நினைவுக்கு வந்தது. 1984-இல் வந்து எட்டு ஆஸ்கர் வாங்கிய படம். வியன்னா அரசவையில், இளம் இசைமேதை மொஸார்ட்டை வரவேற்க அரசவை இசையமைப்பாளர் சாலியரி ஒரு சின்ன இசைத்துண்டை எழுதியிருப்பார். மொஸார்ட் ஒரே தடவை கேட்டுவிட்டு அதை அப்படியே வாசிப்பார். அப்புறம் 'இந்த இடம் சரியில்லையே' என்று எல்லார் முன்னாலும் மாற்றி வாசிப்பார். சாலியரியின் முகத்தில் சிரிப்பு கலையாது, கண் மட்டும் செத்துப்போகும். மொஸார்ட்டின் இசையில் ஸ்வரங்கள் அதிகம் என்று குறை சொல்லும் பேரரசருக்குப் பொறாமையே இல்லை. எது உயர்ந்தது என்று கேட்கத் தெரிந்த சாலியரிக்குத்தான் வயிறு எரிகிறது. என் அறைக்கு வருகிறவர்களும் பெரும்பாலும் இந்த ரகம்தான். அம்மா சோம்பல் என்று நினைத்தது, பிள்ளையின் நல்ல காது.

படத்தை வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சாலியரி மொஸார்ட்டுக்கு விஷம் வைத்தார் என்ற பழைய வதந்திக்கு ஆதாரம் கிடையாது. நிஜ சாலியரி பீத்தோவனுக்கும் ஷூபர்ட்டுக்கும் பாடம் சொன்னவர்; மொஸார்ட்டின் இளைய மகனும் அவரிடம் படித்தார். படத்து சாலியரியோ மனதில் இருந்ததை யாரிடமும் சொல்லாமல், முப்பது வருடத்துக்கு மேல் கழித்து ஒரு பாதிரியாரிடம் கொட்டுகிறார், அதுவும் தற்கொலைக்கு முயன்ற பிறகு. உங்கள் பிள்ளை 'நான் இருந்து என்ன' என்கிற மாதிரி பேசினால் விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1767 என்ற எண்ணில் தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ் 24 மணி நேரமும் இருக்கிறது.

தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ-யில், மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் கணக்கிட்ட டி-ஸ்கோர் மதிப்பெண்ணையே 2021-இல் எடுத்துவிட்டார்கள். நம் தீபாவளி விருந்துகளில் அந்த ஒப்பீடு இன்னும் ஓடுகிறது! ஒரு மாதத்துக்கு சித்தி மகள் பேச்சையே எடுக்க வேண்டாம் என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். கஷ்டப்பட்டுத்தான் ஒப்புக்கொண்டார்.

நாலாவது சந்திப்புக்குப் பெண் வயலின் பெட்டியோடு வந்தாள். அங்கிருந்து நேராக வகுப்புக்காம். காந்தாரம் எப்படி என்றேன். "இன்னும் விழல ஆன்ட்டி."