பார்த்த படத்தையே திரும்பப் பார்ப்பவர்களுக்கு

மனநல ஆலோசனைக்கு வருபவர்களிடம் முதல் சில சந்திப்புகளுக்குள் ஒரு கேள்வி கேட்டுவிடுவேன்: "நீங்க திரும்பத் திரும்பப் பார்க்கிற படம் எது?" தூக்கம், வேலை, குடும்பம் பற்றிக் கேட்டால் அளந்து பேசுபவர்கள்கூட இதற்கு உடனே பதில் சொல்வார்கள். எந்தக் காட்சி, எந்தப் பாட்டு, முதல் தடவை யாரோடு பார்த்தது என்று பேச்சு நீளும். பழைய நட்பு, முறிந்த உறவு, ஆகவேண்டும் என்று நினைத்து ஆகாமல் போனது எல்லாம் அதிலேயே வெளியே வந்துவிடும்.

வீட்டில் இருப்பவர்களுக்கோ இது பெரிய கவலை. "அதே படத்தை எத்தனை தடவைதான் பார்ப்பான் மேடம்?" என்று கேட்கும் அம்மாக்கள் நிறைய. அந்தப் பழக்கத்தை மட்டும் வைத்துப் பயப்பட ஒன்றுமில்லை. யார் ஏமாற்றுவார், யார் திரும்பி வருவார் என்று தெரிந்த கதையில் மனம் எதற்கும் தயாராக இருக்கத் தேவையில்லை. களைத்தவர்களுக்கு அது ஓய்வு. அமெரிக்க உளவியலாளர் ஜே டெரிக் 2013-ல் வெளியிட்ட ஆய்வு இதையே சொல்கிறது. மனதை அடக்கி வைக்கும் வேலைகளால் களைத்தவர்கள் பிடித்த பழைய நிகழ்ச்சிகளை நாடினார்கள், அதன்பின் இழந்த தெம்பு திரும்பியது. டிவியில் ஓடும் ஏதோ ஒன்றைப் பார்ப்பதில் அந்தப் பலன் இல்லை.

ஓய்வு மட்டுமல்ல. கிறிஸ்டல் ரஸ்ஸல், சிட்னி லெவி என்ற இரு ஆய்வாளர்கள், ஒரே படத்தையும் புத்தகத்தையும் ஊரையும் மறுபடி தேடிப் போகிறவர்களிடம் விரிவாகப் பேசி 2012-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அப்படித் திரும்பப் போகிறவர்களுக்கு, இடைப்பட்ட காலத்தில் தாங்கள் எவ்வளவு மாறியிருக்கிறோம் என்பதும் புரிகிறது என்கிறது அது. என் அனுபவமும் இதுதான். 'அன்பே சிவம்' 2003 பொங்கலுக்கு வந்தபோது தியேட்டரில் ஓடவில்லை, பிறகு டிவியில்தான் ஆட்கள் சேர்ந்தார்கள். கல்லூரி நாட்களில் அதிலுள்ள விளம்பரப்பட இளைஞனின் அவசரத்தோடும் எரிச்சலோடும் ஒத்துப்போனவர்கள், நாற்பதைத் தாண்டியபின் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மற்றவரைக் கவனிக்கிறார்கள். யாரிடமும் கேட்காமலே கிடைக்கும் தகவல் அது. நான் அதை மதிக்கிறேன்.

அப்புறம் இன்னொரு கேள்வி: "எந்தக் காட்சியை ஓட்டிவிடுவீங்க?" முப்பதுகளில் இருந்த ஒருவர் (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்) 'அண்ணாமலை'யின் முன்பாதியை மட்டுமே பார்ப்பார். நண்பர்கள் பிரியும் இடத்துக்கு முன்னால் நிறுத்திவிடுவார். கடன் கொடுத்த பணத்தில் அவருடைய பள்ளி நண்பரோடு பேச்சு நின்றுபோயிருந்தது. பணத்தைப் பற்றி அவரால் கோபமாகப் பேச முடிந்தது. அந்த நண்பன் இல்லாமல் ஞாயிற்றுக்கிழமைகள் எப்படிப் போகின்றன என்று பேசத்தான் பல வாரம் ஆயிற்று. படத்தை நிறுத்தும் இடம்தான் எங்கள் பேச்சின் தொடக்கமாக இருந்தது. நீங்களும் கவனித்துப் பாருங்கள். தாண்டிப்போகிற காட்சியில் பெரும்பாலும் சொந்த விஷயம் ஏதாவது இருக்கும்.

1992-ல் வந்த அதே படத்தில் பால்காரர் பெரிய பணக்காரராக ஒரு பாட்டுதான் ஆகிறது. வேலை தேடும் பிள்ளைகள் பலர் இப்படிப்பட்ட காட்சிகளை 'மோட்டிவேஷனுக்காக' இரவெல்லாம் பார்க்கிறார்கள். பார்க்கும்போது நெஞ்சு நிமிர்வது நிஜம். ஆனால் அந்த உணர்ச்சியே ஏதோ தொடங்கிவிட்டோம் என்ற திருப்தியைக் கொடுத்துவிடுகிறது. காலையில் எல்லாம் அப்படியே இருக்கும்போது சோர்வு முன்பைவிடக் கூடுகிறது. மனச்சோர்வுக்கான சிகிச்சையில், உற்சாகம் வரட்டும் என்று காத்திருக்காமல் ஒரு சின்னச் செயலை முதலில் செய்யச் சொல்வோம். இங்கேயும் அதுதான். படம் பார்த்த அன்றே அரை மணிநேரத்தில் முடிகிற ஒரு வேலை: ஒரு விண்ணப்பம், ஒரு போன், பாடத்தில் ஒரு பக்கம்.

தம்பதிகளுக்கு நான் விரும்பிச் சொல்லும் ஆய்வு ஒன்று உண்டு. ரோசெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புதிதாகத் திருமணமான 174 ஜோடிகளை மூன்று ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். சிலருக்குச் சண்டையைக் கையாளவும் அனுசரித்துப் போகவும் முறையான பயிற்சி. ஒரு குழுவுக்கு மட்டும், ஒரே மாதத்தில் ஐந்து படம் சேர்ந்து பார்த்து, படத்திலுள்ள ஜோடியை வைத்துத் தங்களைப் பற்றிப் பேசும் வேலை. எந்தப் பயிற்சியும் பெறாதவர்களில் 24 சதவீதம் பிரிந்தார்கள். படம் பார்த்துப் பேசியவர்களில் 11 சதவீதம், மற்றப் பயிற்சிகளுக்கும் ஏறத்தாழ அதே அளவு. படத்தை விட, அதற்குப் பிறகான பேச்சில்தான் விஷயம் இருக்கிறது. "அவன் மன்னிப்புக் கேட்ட மாதிரி நாம கேட்டிருக்கோமா?" என்று ஒருவர் தொடங்கினால் போதும். அதுவரை பேசாமல் வைத்திருந்தது மெல்ல வெளியே வரும். "நீயும் இப்படித்தான்" என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

சரி, எப்போது கவலைப்பட வேண்டும்? பிரிந்தவரை நினைத்து ஒரே காட்சியைப் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்து, ஒவ்வொரு தடவையும் முன்பைவிட மோசமாக எழுந்திருந்தால். நட்பைப் பற்றிய படத்துக்காக நிஜ நண்பர்களின் அழைப்பைத் தவிர்த்தால். தூக்கம் தொடர்ந்து கெட்டால். இவற்றையெல்லாம் குடும்பத்தார் ஓரளவு கண்டுபிடித்துவிடுவார்கள். எல்லோரும் தவறவிடுவது வேறொன்று: உயிராகப் பார்த்த படத்தைப் போட்டாலும் ஒன்றும் தோன்றாமல் போவது. "பார்க்கப் பிடிக்கலம்மா" என்று பிள்ளை சொன்னதும் பழக்கம் ஒழிந்தது என்று வீட்டில் சந்தோஷப்படுகிறார்கள். பிடித்தவை எதிலும் நாட்டமில்லாத நிலை இரண்டு வாரம் நீடித்தால் அது மனச்சோர்வு நோயின் முக்கிய அறிகுறிகளில் ஒன்று. கூடவே பசி, தூக்கம், பேச்சு குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. கட்டணம் கிடையாது, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்ற பேச்சு வந்தால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றே அழையுங்கள், அல்லது பக்கத்து அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள்.