துரத்தும் நாயைத் திருப்பும் நாயாக்குவது

கீழக்கரையிலிருந்து ஏர்வாடி, சாயல்குடி வழியாகப் போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கிடை ஆடுகளை ஓட்டிப் போவது சாதாரண வேலை இல்லை. ஒரு பக்கம் லாரி, இன்னொரு பக்கம் முண்டு மிளகாய்க் கொல்லை. முன்னால் ஒருவர் நடப்பார், பின்னால் ஒருவர் ஓட்டுவார். பக்கவாட்டில் ஆள் இருக்காது. செம்மறி ஒன்று கொல்லைப் பக்கம் தலையைத் திருப்பினால் அதன் பின்னால் இருபது திரும்பும். கொல்லைக்காரர் வரப்பில் ஏறும்போது சண்டை தயாராகிவிடும்.

அந்தப் பக்கவாட்டு இடத்துக்குத்தான் நாய் வேண்டும். நம் பக்கத்துக் கிடைகளில் நாய் இல்லாமல் இல்லை. ஆனால் அவை இராக்காவல் நாய்கள். நரியும் தெருநாய்க் கூட்டமும் ஆடு திருடுகிறவர்களும் நெருங்கினால் குரைத்து எழுப்புவது அவற்றின் வேலை. பகலில் உடைமர நிழலில் படுத்துக் கிடக்கும். ஆட்டைத் திருப்பச் சொல்லி ஏவினால் துரத்தும். துரத்துவதும் திருப்புவதும் வெவ்வேறு செயல்கள். முதலாவது பிறவியிலேயே இருக்கிறது. இரண்டாவதைச் சொல்லிக் கொடுக்க எட்டு மாதம், ஒரு வருடம் ஆகலாம்.

ஓநாய் வேட்டையாடுவதைப் படிப்படியாகப் பிரித்துப் பார்த்தால் நாயின் வேலை புரியும். இரையைக் கவனிக்கிறது, கண்ணை எடுக்காமல் வெறிக்கிறது, பதுங்கிப் பதுங்கி நெருங்குகிறது, துரத்துகிறது, கவ்வுகிறது, கொல்கிறது, கிழித்துத் தின்கிறது. எல்லா நாய்க்குள்ளும் இந்தச் சங்கிலி இருக்கிறது. மனிதர்கள் தலைமுறை தலைமுறையாக இனம் பிரித்து வளர்த்தபோது சில கண்ணிகள் தடித்தன, சில மெலிந்தன. ஸ்காட்லாந்து, இங்கிலாந்து எல்லைப்புறத்தில் உருவான மேய்ப்பு நாயான பார்டர் கோலிக்கு வெறிப்பதும் பதுங்குவதும் துரத்துவதும் மிகவும் தடித்துவிட்டன. கவ்வுவதும் கொல்வதும் மெலிந்துவிட்டன. 1893இல் நார்தம்பர்லாந்தில் ஆடம் டெல்ஃபர் வளர்த்த ஹெம்ப் என்ற நாயிடமிருந்துதான் இன்றைய பார்டர் கோலிகளில் பெரும்பாலானவை வந்தன என்பார்கள். ஹெம்ப் அமைதியான நாய். கண்ணாலேயே ஆட்டை நகர்த்தும்.

நம் கன்னி, சிப்பிப்பாறை நாய்களுக்கு அந்தச் சங்கிலி வேறு மாதிரி அமைந்திருக்கிறது. முயலைக் கண்டதும் பதுங்காமல் நேராகப் பாயும் ஓட்ட நாய்கள் அவை. ராஜபாளையமும் கோம்பையும் காவலுக்கும் வேட்டைக்கும் பேர் போனவை. ராமநாதபுரத்தின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் மண்டை நாய் பெரிய தலையும் கனத்த உடம்பும் கொண்டது, காவலுக்கு ஏற்றது. இவற்றைப் பார்டர் கோலி போல வேலை செய்ய வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதற்காக பார்டர் கோலியை இங்கே கொண்டுவருவதும் தவறு. இரட்டை அடுக்கு முடி கொண்ட நாயை சித்திரை மாதக் கடற்கரை மணலில் ஓட விடுவது கொடுமை. ஓரம் காப்பது, பின்னால் நின்று அழுத்துவது, சொன்னதும் நிற்பது ஆகிய மூன்றும் நம் கிடைக்குப் போதும். அமைதியான நாட்டு நாய்க்குட்டி இவற்றைக் கற்றுக்கொள்ளும். தாய் நாய் ஆடுகளுக்கு நடுவே குரைக்காமல் நடமாடுகிறதா என்று பார்த்துக் குட்டியை எடுங்கள். நிறத்தையும் காதையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நாயைப் பழக்குவதற்கு முன்னால் ஆட்டைப் படிக்க வேண்டும். செம்மறியின் கண்கள் தலையின் இரு பக்கமும் இருப்பதால் முதுகுக்கு நேர் பின்னால் ஒரு சிறு பகுதி தவிர மற்ற எல்லாத் திசையும் அதற்குத் தெரியும். அதைச் சுற்றி நம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வட்டம் உண்டு. வட்டத்துக்கு வெளியே நிற்கும்வரை ஆடு மேயும். விளிம்பைத் தொட்டதும் தலையைத் தூக்கும். உள்ளே வந்தால் விலகி நடக்கும். அடித்துப் பிடித்து உள்ளே நுழைந்தால் தறிகெட்டு ஓடும். கையில் பழகிய மறிக்கு, அதாவது பெண் செம்மறிக்கு, இந்த வட்டம் சில அடிதான். நாயையே பார்த்திராத ஆட்டுக்கு மிகப் பெரியது. அடுத்தது தோள்பட்டை. தோளுக்குப் பின்னால் நெருங்கினால் ஆடு முன்னே போகும், முன்னால் நெருங்கினால் பின்வாங்கித் திரும்பும். விளிம்பும் தோளும் தெரிந்துவிட்டால் மேய்ப்பின் பாதி தெரிந்த மாதிரி.

ஆபத்து வந்தால் செம்மறிகள் ஏன் சிதறாமல் கூடுகின்றன? கூட்டத்தின் நடுவில் இருக்கும் விலங்குக்கு ஆபத்து குறைவு, அதனால் ஒவ்வொன்றும் தன்னைக் காக்க நடுவை நோக்கி நகர்கிறது என்று 1971இல் உயிரியலாளர் டபிள்யூ. டி. ஹாமில்டன் விளக்கினார். 2014இல் டேனியல் ஸ்ட்ராம்போமும் ஆண்ட்ரூ கிங்கும் சக ஆய்வாளர்களும் நாய், ஆடுகளின் நகர்வை ஜிபிஎஸ் கருவிகளால் அளந்து, நாய் செய்வதை இரண்டே விதிகளாகச் சுருக்கிக் காட்டினார்கள். ஆடுகள் பரவிக் கிடந்தால் ஓரத்தில் விலகியதை உள்ளே சேர். சேர்ந்து நின்றால் பின்னால் போய் முன்னே தள்ளு. ஒரே நாய் பெருங்கூட்டத்தைச் சமாளிப்பதன் சூட்சுமம் இதுதான். பழகாத நாய் வரிசையை மாற்றிவிடுகிறது: சேர்க்காமலே தள்ளுகிறது, கூட்டம் இரண்டாகப் பிளக்கிறது. வெள்ளாடு இவ்வளவு சுலபமாகக் கூடாது. கன்னி ஆடும் கொடி ஆடும் திரும்பி நின்று நாயை முட்டப் பார்க்கும். அதனால் முதல் பாடத்தை வெள்ளாட்டில் தொடங்கவே கூடாது.

நாய்க்குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டாவது வாரம் வரை அதன் மூளை எதையும் "இது நம்முடையது" என்று ஏற்றுக்கொள்ளும் நிலையில் இருக்கும். அந்தக் காலத்தில் ஆட்டு வாசனையும் குட்டிகள் கத்தும் சத்தமும் அதைச் சுற்றி இருக்க வேண்டும். ஆட்டுக்குட்டிகளை அடைக்கும் கூடைக்குப் பக்கத்திலேயே தட்டி வைத்து மறைத்து நாய்க்குட்டியை வைக்கலாம். ஈன்ற மறியிடம் மட்டும் விடாதீர்கள். ஒரு முட்டு வாங்கிய குட்டி ஆட்டைக் கண்டு வாழ்நாள் முழுக்கப் பயப்படும், அல்லது வளர்ந்தபின் பழிவாங்கும். ஆறு மாதம் வரை பாடம் என்று ஒன்றும் வேண்டாம். பெயர் சொன்னால் வருவது, கயிற்றில் இழுக்காமல் நடப்பது, "நில்லு" என்றால் நிற்பது, இவ்வளவே.

"நில்லு" என்பதை ஆடு இல்லாத இடத்தில் முழுதாகக் கற்றுக்கொண்ட பிறகுதான் ஆட்டின் பக்கம் போக வேண்டும். பெரும்பாலோர் அவசரப்படுவது இங்கேதான். எட்டிலிருந்து பத்து மாதத்தில், மூட்டுகள் ஓரளவு உறுதிப்பட்ட பிறகு, முதல் நாளை வையுங்கள். வறண்ட கண்மாயின் உள்வாய் நல்ல இடம். பனைமட்டையோ வலையோ கட்டி இருபது மீட்டர் அகலத்துக்கு வட்டமாக அடைத்துக்கொள்ளுங்கள். சதுரமாக அடைத்தால் ஆடுகள் மூலையில் ஒட்டிக்கொள்ளும், நாய்க்குப் பின்னால் போக வழி இருக்காது. நாய்க்குப் பழகிய, சினையில்லாத ஐந்தாறு செம்மறிகளை உள்ளே விடுங்கள். நாயின் கழுத்துப்பட்டையில் பத்து மீட்டர் கயிறு. அதைக் கையில் பிடிக்க வேண்டாம், தரையில் இழுபடட்டும். மிதித்து நிறுத்துவதற்குத்தான் அது.

இனி ஒரு கடிகார முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஆடுகள், ஆறு மணியில் நீங்கள். நாய் இயல்பாகவே பன்னிரண்டு மணிக்குப் போகப் பார்க்கும். ஓடும் இரையை எதிர்ப்பக்கம் மறித்துக் கூட்டாளியிடம் தள்ளும் வேட்டைப் பழக்கம் அது. நாய் பன்னிரண்டுக்கு வந்ததும் ஆடுகள் உங்களை நோக்கி வரும். நீங்கள் நான்கு மணிக்கு நகர்ந்தால் நாய் பத்துக்கு நகர்ந்து சமன் செய்யும். கட்டளை எதுவும் வேண்டாம். நீங்கள் நிற்கும் இடமே கட்டளை. முதல் இரண்டு மூன்று வாரம் வாயைத் திறக்காமல் இப்படி நடந்துகொண்டே இருந்தால் போதும். நாள் ஒன்றுக்குப் பத்து நிமிடம், விடிந்ததும். நாய் நன்றாகச் செய்துகொண்டிருக்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

பிறகு அது ஏற்கெனவே செய்யும் அசைவுகளுக்குப் பெயர் வையுங்கள். இதற்கு ஆங்கிலச் சொல் தேவையில்லை, கோயில் பிராகாரமே போதும். சாமியை வலப்பக்கம் வைத்துச் சுற்றுவது வலம். நாய் ஆடுகளைத் தன் வலப்பக்கத்தில் வைத்துச் சுற்றினால் "வலம்", இடப்பக்கத்தில் வைத்துச் சுற்றினால் "இடம்". ஒன்றை மறந்துவிட வேண்டாம்: ஆறு மணியில் நிற்கும் உங்களுக்கு வலம் போகும் நாய் உங்கள் இடது கைப் பக்கமாகக் கிளம்பும். இதில் குழம்பி இரண்டு நாள் மாற்றிச் சொன்னால் நாயும் குழம்பிவிடும். "வா" என்ற சொல்லும் "வலம்" போலவே தொடங்குவதால் அதை விட்டுவிட்டு, கூப்பிடுவதற்குப் பெயரையோ ஒரு சீழ்க்கையையோ வைத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்தது என்பதற்கு "போதும்".

நாய்க்கு இதில் என்ன கூலி? கறித்துண்டு வேண்டாம்; ஆட்டைப் பார்த்த நாய் அதை முகரக்கூட மாட்டாது. ஆட்டின் பக்கம் போகவிடுவதே கூலி. "நில்லு" என்றதும் நின்றால், அந்தக் கணமே மறுபடி வேலையைக் கொடுங்கள். நின்றால் ஆடு கைவிட்டுப் போகாது, ஆடு கிடைக்கும் என்று அதற்குப் புரிய வேண்டும். நிறுத்திய உடனே கயிற்றைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துப்போனால் நிற்பது என்றாலே இழப்பு என்று கற்றுக்கொள்ளும், நாளை நிற்காது. நெருக்கடி கொடுப்பதிலும் இதே கணக்குதான். நாய் ஆட்டின் வட்டத்துக்குள் வெட்டி நுழைந்தால் அதன் தோளை நோக்கி ஓர் அடி எடுத்து வையுங்கள். அது வெளியே வளைந்ததும் அரை நொடிக்குள் நீங்கள் பின்வாங்க வேண்டும். பாடத்தைச் சொல்லிக்கொடுப்பது அந்தப் பின்வாங்கல். இரண்டு நொடி தாமதித்தால் அது அப்போது செய்துகொண்டிருக்கும் வேறெதையோ கற்றுக்கொள்ளும். பொறுமை என்று மேய்ப்பர்கள் சொல்வதை நான் குணமாகப் பார்க்கவில்லை. கோபப்பட்ட ஆளுக்கு அந்த அரை நொடி கண்ணில் படாது, அவ்வளவுதான்.

கவ்வும் நாயைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். பெரும்பாலும் காரணம் திமிர் இல்லை, இடம் இல்லாமை. ஆடு வேலியில் ஒட்டி நிற்கிறது, நாய்க்கு வழி தெரியவில்லை, நெருக்கம் கூடுகிறது, சங்கிலியின் அடுத்த கண்ணி வந்துவிடுகிறது. ஆடுகளை வேலியிலிருந்து நீங்களே விலக்கிக் கொடுத்தால் பாதிக் கடி நின்றுவிடும். ஒற்றை ஆட்டைத் தனியாகப் பிரித்துத் துரத்தினால் கயிற்றை மிதித்து நிறுத்தி, அந்த ஆடு கூட்டத்தோடு சேர்ந்த பிறகு மட்டும் தொடருங்கள். தனி ஆட்டைத் துரத்தும் இன்பத்தை ஐந்தாறு முறை அனுபவித்த நாயை மீட்பது கடினம். கம்பால் அடித்தால் வலி எதனால் வந்தது என்று நாய் பிரித்தறியாது. ஆட்டின் பக்கத்தில் வலித்தது என்று மட்டும் பதியும். சில நாய்கள் ஆட்டை விட்டு ஒதுங்கும், சில உங்களை விட்டு ஒதுங்கும்.

ஓர் எதிர்ப்பக்கமும் உண்டு. நீங்கள் "இடம்" என்கிறீர்கள், நாய் வலம் போகிறது. உடனே திட்டாமல் பாருங்கள். உடங்காட்டு மறைவில் நீங்கள் பார்க்காத மூன்று ஆடுகளை அது பார்த்திருக்கலாம். அப்படிச் சேர்த்துக்கொண்டு வரும் நாயைத் திருத்தினால் அது இனித் தானாக எதையும் தேடாது. நாயின் மீறலில் எது சோம்பல், எது அறிவு என்று பிரிக்கத் தெரிவதற்கு ஆளுக்கும் ஒரு வருடம் வேண்டும்.

கடற்கரைக்கென்று தனிக் கவனங்கள் உண்டு. பகலில் கடற்காற்று நிலத்தை நோக்கி வீசும். நாய் கடல் பக்கம் நின்றால் உங்கள் குரல் எதிர்க்காற்றில் கரைந்துவிடும். துண்டை வீசிச் சைகை காட்டப் பழக்குங்கள், ஆனால் சிவப்புத் துண்டு வேண்டாம். நாயின் கண் நீலத்தையும் மஞ்சளையும்தான் பிரித்தறியும். சிவப்பு அதற்குப் புல்லோடு கலந்த மங்கல். வெள்ளையோ நீலமோ நல்லது. வாலிநோக்கம் உப்பளப் பக்கமும் கழிமுகங்களிலும் நாய் தாகத்தில் உப்புநீரைக் குடித்துவிடும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு; வாந்தியும் பேதியும் வரும், மிகுந்தால் வலிப்பு வரும். நல்ல தண்ணீர் கேனை நாய்க்கென்று தனியாக எடுத்துப் போங்கள்.

நாய் பாதங்களைத் தவிர வேறெங்கும் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். காற்றில் ஈரம் மிகுந்த நம் கரையில் அந்த வழியும் சரியாக வேலை செய்யாது. இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39 டிகிரி. 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நாக்கு அகன்று கருஞ்சிவப்பானால், கால் பின்னினால், நிழலுக்குக் கொண்டுபோய் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் தண்ணீரை ஊற்றி விசிறுங்கள். ஈரச் சாக்கால் மூடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். புறங்கையை மணலில் ஏழு நொடி வைக்க முடியாவிட்டால் அன்று வேலை இல்லை.

சாப்பாடு மாலையில். வயிறு நிறைந்த நாயை ஓடவிட்டால், குறிப்பாக நெஞ்சு ஆழமான ராஜபாளையம், கன்னி வகைகளில், இரைப்பை ஊதி முறுக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. உப்புக் கருவாட்டைத் தவிருங்கள். செத்த ஆட்டின் தலையையோ ஈரலையோ ஒருபோதும் போடாதீர்கள். ஆட்டு மூளையில் கட்டியாக வளரும் ஒரு நாடாப்புழு நாயின் குடலில் முதிர்ந்து, அதன் முட்டை மலத்தின் வழியாக மேய்ச்சல் தரைக்கு வந்து, மறுபடி ஆட்டுக்குள் போகிறது. ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி விழும் ஆட்டைப் பார்த்திருப்பீர்களே, பல நேரங்களில் அதன் காரணம் இதுதான். பிராசிகுவான்டெல் மாத்திரை, கிலோவுக்கு 5 மில்லிகிராம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை. குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மீண்டும்.

வட்ட அடைப்புக்குள் மூன்று மாதம் தவறாமல் நின்ற நாயைத் திறந்த தரிசில் முப்பது ஆட்டுக்கு, பிறகு நூறுக்கு என்று கூட்டுங்கள். சாலையோரம் கடைசி. அதுவும் முதலில் போக்குவரத்துக் குறைந்த விடிகாலையில், கொல்லைப் பக்கம் மட்டும், கயிற்றோடு. திரும்பி வந்ததும் நாலு பாதத்தையும் விரலிடுக்கு வரை பிரித்துப் பாருங்கள். சீமைக்கருவேல முள்ளும் பனைக் கருக்கு கிழித்த கீறலும் அங்கேதான் இருக்கும், எடுக்காமல் விட்ட முள் இரண்டு நாளில் சீழ் கோக்கும்.