‘ஆபரேஷன் பண்ணியாச்சா?’: கருத்தடைச் சொற்கள், ஒரு விளக்கம்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இரண்டாவது பிள்ளை பிறந்த வீட்டுக்குப் பார்க்க வருகிறவர்கள், குழந்தை யார் சாடை என்று பேசி முடித்ததும் அடுத்துக் கேட்பது இதுதான்: “ஆபரேஷன் பண்ணியாச்சா?” என்ன ஆபரேஷன் என்று யாரும் விளக்குவதில்லை. குடலிறக்கத்துக்கும் கண்புரைக்கும் செய்வது ஆபரேஷன்தான். ஆனால் பிள்ளை பெற்ற வீட்டில், முன்னால் எதுவும் ஒட்டாமல் அந்தச் சொல் வந்தால், பெண்ணின் கருக்குழாயைக் கட்டி வெட்டுவதை மட்டுமே அது குறிக்கும். வயிற்றைத் திறந்து பிள்ளை எடுத்திருந்தால் அதற்கு ‘சிசேரியன்’ என்று தனிப்பெயர் உண்டு. ஆணுக்குச் செய்கிற சிகிச்சை இந்தக் கேள்விக்குள் வருவதே இல்லை.

ஏடுகளிலும் ஆஸ்பத்திரிப் பலகைகளிலும் இருக்கும் சொல் ‘கருத்தடை’. கரு + தடை, அதாவது கருவுக்குத் தடை. நடுவில் ஒரு ‘த்’ மிகுந்திருக்கிறது. (இன்னொரு ‘து’ கூடிக் ‘கருத்துத் தடை’ ஆகிவிட்டால் அது பத்திரிகைக்காரர்களின் கவலை.) ‘கரு’ பழைய தமிழ்ச் சொல். வயிற்றில் உருவாகும் உயிர், முட்டைக்குள் இருப்பது, வார்ப்பு அச்சு, ஒன்றின் மூலப்பொருள் எல்லாமே கருதான். செட்டிநாட்டு வீட்டுச் சுவர்கள் கண்ணாடிபோல் மின்னுவதற்குச் சுண்ணாம்புச் சாந்தில் முட்டை வெள்ளைக்கருவைச் சேர்த்தார்கள் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த சேதி. அந்தக் கருவும் இந்தக் கருவும் ஒரே சொல். விந்தணு முட்டையோடு சேர்வதை இங்கே ‘கருவுறுதல்’ என்போம், இலங்கையில் ‘கருக்கட்டல்’ என்பார்கள்.

கருத்தடை என்ற சொல்லில் ‘தடை’ எந்த இடத்தில் நிற்கிறது என்பது முக்கியம். கரு உண்டாகும் முன்பே வழியை மறிப்பது கருத்தடை. உண்டான கருவை வெளியேற்றுவது கருக்கலைப்பு. மருந்துக் கடையில் இரண்டையும் ‘அந்த மாத்திரை’ என்று ஒரே பெயரில் கேட்பதால்தான் சிக்கல் வருகிறது. தினமும் போடும் கருத்தடை மாத்திரை கலைக்காது. கலைப்பு மாத்திரையைத் தடுப்புக்கென்று விழுங்குவதும் தவறு. மருத்துவர் பார்க்காமல் அதைப் போட்டுக்கொண்டவர்கள் பாதியில் நின்ற கலைப்போடும் கடும் இரத்தப்போக்கோடும் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள்.

கருத்தடைக்கு முன்னால் இருந்த சொல் ‘கர்ப்பத்தடை’. 1930களில் சுயமரியாதை இயக்கத்தார் அப்படித்தான் எழுதினார்கள். ‘கர்ப்ப ஆட்சி’ என்றும் சொன்னார்கள். மற்றவர்கள் நாட்டின் வறுமையையும் தாயின் உடல்நலத்தையும் காரணம் காட்டிப் பேசிய காலத்தில், பெண்ணின் விடுதலைக்கு இது வேண்டும் என்றார் பெரியார். தன் கர்ப்பத்தைத் தானே ஆள்வது என்ற பொருள் ‘கர்ப்ப ஆட்சி’க்குள் இருக்கிறது. இந்த வரிசையில் மிக நேர்மையான சொல் அதுதான் என்பது எங்கள் எண்ணம். அது வழக்கில் நிற்காமல் போனது நட்டம்.

அதன் இடத்துக்கு வந்தது ‘குடும்பக் கட்டுப்பாடு’. 1952இல் இந்தியா தொடங்கிய தேசியத் திட்டத்தின் ஆங்கிலப் பெயரான ‘ஃபேமிலி பிளானிங்’ (சுருக்கமாக எஃப்.பி.) என்பதற்குப் பொருள் குடும்பத் திட்டமிடல். தமிழுக்கு வந்தபோது திட்டம் கட்டுப்பாடாகிவிட்டது. இந்தச் சீமையில் ‘கட்டு’ என்றால் வீட்டின் பகுதி: முதற்கட்டு, இரண்டாம் கட்டு. ‘கட்டுப்பாடு’ என்றாலோ நினைவுக்கு வருவது ஊர்க் கட்டுப்பாடு, மீறினால் தண்டம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1975க்கும் 1977க்கும் இடையில், வட இந்தியாவில் ஆண்களைப் பிடித்துக்கொண்டுபோய் அறுவை செய்தபோது அந்தச் சொல்லுக்கு மேலும் கெட்ட பெயர் சேர்ந்தது. 1977இல் திட்டத்தின் பெயர் ‘குடும்ப நலம்’ என்று மாறியது. பலகையை மாற்றினார்கள், வாய் மாறவில்லை. இன்றும் ‘எஃப்.பி. ஆபரேஷன்’தான்.

வீட்டுப் பேச்சில் இதைவிட நல்ல சொல் இருக்கிறது: ‘நிறுத்திக்கிறது’. “ரெண்டோட நிறுத்திக்கிட்டாக” என்றால் யாருக்கும் புரியும், யார் முகமும் சுளிக்காது. அதற்கும் முன்பு, பெண்ணாகவே பிறந்துகொண்டிருந்த வீட்டில் கடைசிப் பெண்ணுக்குப் ‘போதும்பொண்ணு’ என்று பெயர் வைத்தார்கள். பேரால் போட்ட கருத்தடை, பலித்ததில்லை. நகரத்தார் வழக்கில் தத்தெடுப்பதற்குப் ‘பிள்ளை கூட்டுதல்’ என்ற அழகான சொல் உண்டு. கூட்டுவதற்குச் சொல் வைத்தவர்கள் நிறுத்துவதற்குத் தனிச்சொல் தேடவில்லை.

இனி முறைகளின் பெயர்கள். ‘ஸ்டெரிலைசேஷன்’ என்பதன் வேர், மலடு என்று பொருள்படும் லத்தீன் சொல். கத்தி, கத்தரிக்கோலைக் கொதிக்கவைப்பதற்கும் அதே சொல்தான். அங்கே அது கிருமிநீக்கம். மனிதருக்கு வரும்போது அகராதியைப் பார்த்து ‘மலடாக்கல்’ என்று மொழிபெயர்த்தவர்கள் உண்டு. மலடி என்ற சொல் ஒரு பெண்ணை என்ன பாடுபடுத்தும் என்று தெரிந்தவர்கள், இரண்டு பிள்ளை பெற்றவளைப் பற்றிய சீட்டில் அதை எழுதமாட்டார்கள். ‘நிரந்தரக் கருத்தடை’ என்பதே சரி. நிரந்தரம் என்ற அடைமொழியை விடவும் கூடாது. மறு இணைப்பு அறுவை இருப்பது உண்மைதான். 2004 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்குத் தமிழ்நாடு அரசே அதற்கு ஏற்பாடு செய்தது. ஆனால் இணைத்த குழாயில் கரு தங்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. ‘வேணும்னா அப்புறம் அவுத்துக்கலாம்’ என்ற நினைப்போடு இதற்குப் போகக் கூடாது. அந்த நினைப்பு இருந்தால், கர்ப்பப்பைக்குள் வைத்து வேண்டும்போது எடுத்துவிடக்கூடிய காப்பர் டி போதும்.

‘டியூபெக்டமி’யில் டியூப் என்பது குழாய், ‘எக்டமி’ கிரேக்கத்திலிருந்து வந்தது, வெட்டி எடுத்தல் என்று பொருள். இங்கே வெட்டி எடுப்பது குழாயின் சிறு துண்டை மட்டுமே. தமிழில் ‘கருக்குழாய் அறுவை’ என்றாலே போதும். பள்ளிப் பாடப்புத்தகத்தின் ‘அண்டநாளம்’ சரியான சொல்தான், பேச்சில் ஏறவில்லை. கர்ப்பப்பையை எடுப்பது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு ‘மாதவிலக்கு நின்னுபோகும்’ என்று பயப்படுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கர்ப்பப்பையும் சினைப்பையும் அப்படியே இருப்பதால் மாதவிலக்கு வழக்கம்போல் வரும்.

எப்போது செய்வது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பிள்ளை பெற்ற 7 நாளுக்குள் கர்ப்பப்பை தொப்புள் உயரத்துக்கு அருகில் இருக்கும், குழாய்களும் மேலே இருக்கும். தொப்புளுக்குக் கீழே ஒரு சிறிய வெட்டு போட்டாலே குழாய் எட்டிவிடும். அந்த வாரம் தவறினால் 6 வாரம் பொறுத்து, கர்ப்பப்பை சுருங்கி இறங்கிய பிறகு அடிவயிற்றில் வெட்ட வேண்டும், அல்லது வயிற்றுக்குள் விட்டுப் பார்க்கும் மெல்லிய குழாய்க் கருவியான லேப்ராஸ்கோப் வழியாகச் செய்ய வேண்டும். வெட்டிச் செய்யும்போது குழாயின் நடுப்பகுதியை வளைத்து, தானே கரையும் நூலால் அடியில் முடிச்சிட்டு, மேல் வளைவை வெட்டி எடுப்பார்கள். நூல் கரைந்ததும் இரு முனைகளும் தனித்தனியே விலகி மூடிக்கொள்ளும். லேப்ராஸ்கோப்பில் அதே வளைவின்மேல் சிலிக்கோன் வளையம் ஒன்றை மாட்டிவிடுவார்கள். அதன் பெயர் ‘ஃபாலோப் ரிங்’. குழாய்க்குப் பெயர் தந்த 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூறு அறிஞர் ஃபலோப்பியோவின் பெயரே இதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குழாய்க்குப் பக்கத்தில் உருட்டலாக ஒரு தசைநார் ஓடும். அதையே குழாய் என்று எண்ணிக் கட்டிவிடுவது தோல்விக்கு ஒரு காரணம். அதனால்தான் விரல்விரலாகப் பிரிந்த குழாய் நுனியைக் கண்ணால் பார்த்த பிறகே முடிச்சுப் போட வேண்டும் என்பார்கள். எல்லாம் சரியாகச் செய்தாலும் ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்குப் பின்னால் கரு தங்கலாம்.

அரசு விதிப்படி பெண்ணின் வயது 22 முதல் 49க்குள் இருக்க வேண்டும். ஒரு வயது கடந்த பிள்ளை ஒன்றாவது இருக்க வேண்டும். கணவர் கையெழுத்து கட்டாயம் இல்லை. கணவர் மலேசியாவிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் வீடுகள் நிறைந்த இந்தப் பகுதியில் இது தெரிந்திருக்க வேண்டிய விதி. கையெழுத்துக்காகக் காத்திருந்து அந்த 7 நாளைத் தவறவிடுகிறவர்கள் உண்டு.

‘வாசக்டமி’யில் ‘வாஸ்’ என்பது லத்தீனில் பாத்திரம், கலம். பூ வைக்கும் ஜாடிக்கான ஆங்கிலச் சொல்லும் அதே வேரிலிருந்து வந்தது. தமிழில் ‘விந்துக்குழாய் அறுவை’ அல்லது ‘ஆண் கருத்தடை’. இந்தச் சொல்லின் பகை ‘காயடித்தல்’. சிராவயல் மஞ்சுவிரட்டுக்கு வளர்க்கும் காளையைக் காயடிப்பதில்லை, வண்டி மாட்டுக்குக் காயடித்தார்கள் என்று கண்முன் பார்த்து வளர்ந்த ஊரில், ஆணுக்கு அந்த இடத்தில் கத்தி என்றதும் மாட்டு ஞாபகம் வருவது இயல்பு. ஆனால் காயடிப்பதில் விதையே நசுக்கப்படுகிறது. இங்கே விதையைத் தொடுவதே இல்லை. ஆண்மைக்கான இயக்குநீர் விதையிலிருந்து நேரே இரத்தத்தில் கலக்கிறது, விந்துக்குழாய் வழியாக அது போவதில்லை. அந்தக் குழாயில் போவது விந்தணு மட்டும். விந்து நீரில் விந்தணுவின் பங்கு மிகச் சிறிது என்பதால் அளவிலும் வித்தியாசம் தெரியாது.

1974இல் சீன மருத்துவர் லி ஷுன்சியாங் உருவாக்கிய கத்தியில்லா முறைதான் இப்போது வழக்கம், ‘என்.எஸ்.வி.’ என்பார்கள். விதைப்பையின் நடுக்கோட்டில் மரத்துப்போக ஊசி, வளைய முனைக் கவ்வியால் குழாயைப் பிடித்து நிறுத்துதல், கூர்முனைக் கவ்வியால் தோலில் ஒரு துளை, குழாயை வெளியே இழுத்துக் கட்டி ஒரு துண்டை எடுத்தல், அதே துளை வழியாக மறுபக்கக் குழாய். தையல் கிடையாது. 20 நிமிடத்தில் முடியும். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் மூட்டை தூக்குவதும் சைக்கிளும் வேண்டாம், இறுக்கமான உள்ளாடை போட வேண்டும்.

தோல்வி இதற்குப் பிறகுதான் வருகிறது. வெட்டிய இடத்துக்கு மேலே ஏற்கெனவே தேங்கிய விந்தணுக்கள் வெளியேற மூன்று மாதம் ஆகும். அதுவரை ஆணுறை வேண்டும். மூன்று மாதம் கழித்து விந்துப் பரிசோதனையில் அணு இல்லை என்று எழுதி வாங்க வேண்டும். ஒரு மாத விடுப்பில் ஊருக்கு வருகிறவர் அறுவையை இங்கே முடித்துவிட்டு, பரிசோதனையை வேலை செய்யும் ஊரிலேயே செய்துகொள்ளலாம். பரிசோதனையும் சரியென்றால் பிறகு தவறுவது ஏறத்தாழ 2000 பேரில் ஒருவருக்கு. பெண்ணுக்குச் செய்வதைவிட எளிது, மலிவு, ஆபத்தும் குறைவு. இருந்தும் ‘ஆபரேஷன்’ என்ற சொல் ஆண்களை விட்டுவிடுகிறது.

அடுத்தது ‘லூப்’. இது செத்த பொருளின் உயிருள்ள பெயர். ஜாக் லிப்பஸ் என்ற அமெரிக்க மருத்துவரின் பிளாஸ்டிக் வளைவு 1965இல் இந்தியத் திட்டத்துக்குள் வந்து, எப்போதோ போய்விட்டது. இன்று “லூப் வச்சிருக்கீகளா, ஆச்சி?” என்று நர்ஸ் கேட்டால் அவர் கேட்பது காப்பர் டியை. ‘லேப்’ என்றால் லேப்ராஸ்கோப் ஆபரேஷன். ஒரு எழுத்து மாறினால் தற்காலிகம் நிரந்தரம் ஆகிவிடும். தமிழில் சிலர் ‘வளையம்’ என்கிறார்கள். அது குழாயில் மாட்டும் சிலிக்கோன் வளையத்தோடு குழம்பும், காப்பர் டி வளையமும் இல்லை. ‘செம்பு டி’ சரியாக இருக்கும். ஆனால் காப்பர் டி என்றே எல்லாருக்கும் புரிவதால் அதை மாற்றத் தேவையில்லை.

36 மி.மீ. உயரம், 32 மி.மீ. அகலமுள்ள பிளாஸ்டிக் டி, தண்டில் சுற்றிய செம்புக் கம்பி, இரு கைகளிலும் செம்பு உறை, அடியில் இரண்டு நூல். ‘380ஏ’ என்பதில் 380 செம்புப் பரப்பு, சதுர மி.மீ. கணக்கில். செம்பு விந்தணுவைச் செயலிழக்கச் செய்கிறது. எனவே இதுவும் கலைப்பு அல்ல, தடைதான். 10 ஆண்டு வேலை செய்யும். 375 என்று எண் போட்டது 5 ஆண்டு. பிள்ளை பெற்று நஞ்சுக்கொடி விழுந்த 10 நிமிடத்துக்குள், அல்லது 48 மணி நேரத்துக்குள் வைக்கலாம்; விட்டால் 6 வாரம் கழித்து. பிரசவத்தோடு வைத்தது நழுவி விழும் வாய்ப்பு அதிகம் என்பதால் ஆறாவது வாரப் பரிசோதனையை விடக் கூடாது. முதல் சில மாதம் தீட்டு கூடுதலாகப் போகும். இரத்தசோகை உள்ளவர்கள் வைக்கும்முன் சொல்ல வேண்டும். ‘நெஞ்சுக்கு ஏறிடும்’ என்பது வீண் பயம். வைக்கும்போது கர்ப்பப்பைச் சுவரைத் துளைப்பது ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு நடக்கும் உண்மை. நூல் தட்டுப்படவில்லை என்றால் ஸ்கேன் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

தாய்ப்பால் கொடுக்கும்வரை கரு நிற்காது என்ற பேச்சுக்கு மூன்று நிபந்தனை உண்டு: பிள்ளைக்கு 6 மாதம் ஆகியிருக்கக் கூடாது, இராத்திரியும் பகலும் தாய்ப்பால் மட்டுமே, தீட்டு திரும்பியிருக்கக் கூடாது. ஒன்று உடைந்தாலும் அது கருத்தடை இல்லை.

சீட்டில் ‘எஃப்.பி.’ என்று மட்டும் எழுதியிருந்தால் முழுப்பெயரை எழுதச் சொல்லி வாங்குங்கள்: எந்த முறை, எந்தத் தேதி, காப்பர் டி என்றால் எண்ணும் எடுக்க வேண்டிய வருடமும். பத்து வருடம் கழித்து, வேறு ஊரில், வேறு மருத்துவர் அதைத்தான் படிப்பார். ஆபரேஷனுக்குப் பிறகோ காப்பர் டி இருக்கும்போதோ நாள் தள்ளிப்போனால், ஆஸ்பத்திரியில் முதல் பேச்சிலேயே இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: “குழாய் கட்டியிருக்கு, நாள் தள்ளியிருக்கு.” அப்படி உண்டாகும் கரு குழாயிலேயே தங்கியிருக்க வாய்ப்பு அதிகம். ஒருபக்க அடிவயிற்று வலியோ மயக்கமோ சேர்ந்தால் அன்றைக்கே ஸ்கேன் பார்த்தாக வேண்டும்.