கொரோனாவில் நின்றுபோன கருத்தரிப்புச் சிகிச்சை: திரும்ப வருபவர்களுக்கு

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும், கருத்தரிப்புச் சிகிச்சை 'அவசரமில்லாதது' பட்டியலில் சேர்ந்துவிட்டது. பிரிட்டனில் ஏப்ரல் 15-க்குள் எல்லா மையங்களும் சிகிச்சையை நிறுத்த உத்தரவே வந்தது. நோயின் குணம் தெரியாத நேரம், அது சரியான முடிவுதான். அங்கே மே மாதமே மறுபடி அனுமதித்துவிட்டார்கள். நம் ஊரில் மையங்கள் திறந்த பிறகும் பல தம்பதிகள் வரவில்லை. வேலை போயிருந்தது, சேமிப்பு கரைந்திருந்தது.

இப்போது வருகிறார்கள். ஃபைலைப் பிரித்தால் 2019-இல் எடுத்த ஸ்கேன், இரண்டு ஐ.யூ.ஐ. (விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை) செய்த சீட்டு, அதற்கப்புறம் ஒன்றுமில்லை. "கொரோனா வந்துச்சு டாக்டர், அப்படியே விட்டுட்டோம்." அன்று 33 வயது, திரும்பி வரும்போது 38. முப்பத்தைந்துக்கு மேல் கருமுட்டையின் எண்ணிக்கையும் தரமும் வேகமாகக் குறையும். இவர்களிடம் போய் "இன்னும் ஒரு வருஷம் பாருங்கள்" என்று எப்படிச் சொல்வது? காத்திருப்போர் வரிசையைப் பதிவுத் தேதிப்படி போடாமல், வயதையும் ஏ.எம்.ஹெச். (கருமுட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) அளவையும் பார்த்துப் போட வேண்டும் என்பது என் கட்சி. 2022 ஜனவரியில் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம், இந்தச் சிகிச்சை பெற பெண்ணுக்கு 50 வயது என்று வரம்பு வைத்திருக்கிறது. கருமுட்டைக்கு அந்தச் சட்டம் தெரியாது.

அடுத்தது தூரம். முட்டை வளர்ச்சியைப் பார்க்க ஒரே மாதத்தில் மூன்று நான்கு ஸ்கேன் தேவைப்படும். கம்பத்திலிருந்து மதுரைக்கு ஒவ்வொரு தடவையும் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏற வேண்டுமென்றால், இரண்டாவது மாதமே ஆள் வரமாட்டார். 2020 மார்ச்சிலேயே தொலைமருத்துவத்துக்கு மத்திய அரசு வழிகாட்டுதல் தந்துவிட்டது. ஸ்கேனை உள்ளூரில் எடுத்து, ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டுப் போனில் பேசலாம். உங்கள் டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

விந்துப் பரிசோதனைக்கு மட்டும் இன்னமும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. மனைவிக்கு ஊசி, கருக்குழாய் சோதனை எல்லாம் முடிந்திருக்கும். "அவருக்கு ஒண்ணும் இருக்காது" என்று மாமியார் சொல்வார், கணவர் வெளியே வராந்தாவில் நிற்பார். செலவு குறைவான இந்தச் சோதனைதான் முதலில் நடக்க வேண்டும். இரண்டிலிருந்து ஏழு நாள் உறவில்லாமல் இருந்து மாதிரி கொடுக்க வேண்டும். கொரோனாவோ டெங்குவோ, கடும் காய்ச்சல் வந்து போயிருந்தால் விந்தணு எண்ணிக்கை தற்காலிகமாகக் குறையலாம். அப்படி எண்ணிக்கை குறைவாக வந்தால் மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை கொடுங்கள். அதற்குள் மனைவியின் பரிசோதனைகளை முடித்துவிடலாம்.