சொல் விளக்கம்: அக்ளூட்டினேஷன் – ஒட்டுத்திரட்சி

கால்நடைகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் புருசெல்லா காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனை அறிக்கையில் 'அக்ளூட்டினேஷன்' என்று போட்டு, பக்கத்தில் 1:160 என்பது போல ஓர் எண் இருக்கும். லத்தீனில் 'க்ளூட்டன்' என்றால் பசை. அதிலிருந்து வந்த சொல் இது. கோதுமையின் க்ளூட்டனும் அதே சொல்தான். மொழியியலில் தமிழை 'ஒட்டுநிலை மொழி' என்பதும் இதன் தமிழாக்கமே.

இதை 'உறைதல்' என்று எழுதுவது தவறு. ரத்தம் உறைந்த பிறகு பிரியும் தெளிந்த சீரத்தில்தான் இந்தச் சோதனையே நடக்கிறது. சீரத்தில் எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) இருந்தால், அதில் கலக்கும் கொல்லப்பட்ட கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டி, மோரில் வெண்ணெய் திரள்வதுபோலத் திரளும். ஆகவே ஒட்டுத்திரட்சி; சுருக்கமாகத் திரட்சி.

பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் டேவிட் புரூஸ் 1887இல் மத்தியதரைக் கடல் தீவான மால்டாவில், இறந்த படைவீரர்களின் மண்ணீரலிலிருந்து இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார். 1897இல் அல்ம்ரோத் ரைட் திரட்சிச் சோதனையை இந்தக் காய்ச்சலுக்குக் கொண்டுவந்தார். 1905இல் மால்டா மருத்துவர் தெமிஸ்டோக்ளிஸ் சாமிட் அதே சோதனையை ஆடுகளின் ரத்தத்தில் செய்து பார்த்தார். நோயின் ஊற்று ஆட்டுப்பால் என்பது அப்படித்தான் வெளிப்பட்டது.

இன்று முதலில் செய்வது ரோஸ் பெங்கால் சோதனை. ஒரு சொட்டு சீரம், ஒரு சொட்டு இளஞ்சிவப்புக் கிருமிக் கரைசல்; கலந்து நான்கு நிமிடம் ஆட்டினால், திரட்சி இருந்தால் சிவப்புத் துகள்கள் தெரியும். அப்புறம் குழாய்ச் சோதனை. சீரத்தை 1:20, 1:40, 1:80 என்று நீர்த்துக்கொண்டே போய், கடைசியாக எந்தக் குழாயில் திரள்கிறதோ அதுவே 'டைட்டர்', அதாவது திரட்சி அளவு.

1:160க்குக் குறையாமல் இருந்து, காய்ச்சலும் மூட்டுவலியும் சேர்ந்தால் நோயை வலுவாகச் சந்தேகிக்கலாம். ஆனால் கால்நடைகளோடு புழங்குபவருக்கு, பழைய தொற்றின் மிச்சமாகவும் அந்த எண் வரலாம். யெர்சினியா கிருமியின் ஒரு வகையும் இதே திரட்சியைக் காட்டும். எதிர்ப்புரதம் மிக அதிகமாக இருந்தாலோ முதல் குழாய்களில் திரட்சியே தெரியாது. இதற்கு 'ப்ரோசோன்' என்று பெயர். முதல் சில குழாய்களோடு நிறுத்தும் ஆய்வகம் நோயே இல்லை என்று எழுதிவிடும். அதனால் எத்தனை மடங்குவரை நீர்த்தார்கள் என்று கேட்பது அவசியம். ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே ரத்தத்தைக் கிருமி வளர்ப்புக்கு அனுப்பிவிட வேண்டும். இரண்டு வாரம் கழித்துத் திரட்சி அளவு நான்கு மடங்கு கூடியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.