வீடு யார் பேரில், கடன் யார் தலையில்?

குமரி மாவட்டம் தக்கலையில் பத்திரம் எழுதும் கடை ஒன்றில் காத்திருந்தபோது ஒரு அக்கா கேட்டார்: "வீடு அவுக பேர்லதான் கெடக்கு. ஆனா லோன் பேப்பர்ல நானும் ஒப்பு போட்டிருக்கேன்லா? அப்போ பாதி எனக்குத்தானே?"

இல்லை. பத்திரம் (நம்மூர்ப் பேச்சில் பிரமாணம்) சொல்வது உரிமையை. கடன் ஒப்பந்தம் சொல்வது பொறுப்பை மட்டும். அந்த அக்காவுக்கு வாய்த்தது மோசமான பாதி: தவணை தவறினால் அவரையும் கேட்பார்கள், வீட்டில் பேர் மட்டும் கிடையாது. பத்திரத்தில் பேர் உள்ள எல்லாரும் கடனிலும் கையெழுத்துப் போட வேண்டும் என்று வங்கிகள் கேட்பது வழக்கம். கடனில் கையெழுத்துப் போட்டவர் பேரையும் பத்திரத்தில் சேருங்கள் என்று எந்த வங்கியும் வற்புறுத்தாது. அது நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டியது.

இருவர் பேரிலும் வாங்கினால் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதைப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதாமல் விட்டால், 1882-ம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டத்தின் 45-வது பிரிவு பேசும்: அவரவர் போட்ட பணத்தின் விகிதப்படி பங்கு, யார் எவ்வளவு போட்டார்கள் என்று காட்ட முடியாவிட்டால் சரிபாதி. நகையை விற்று முன்பணம் கொடுத்த பெண்கள் இங்கே அதிகம். நகைக்கடை ரசீதையும், அந்தப் பணம் வங்கிக் கணக்கு வழியாகப் போன கணக்கையும் பத்திர நகலோடு சேர்த்து வையுங்கள்.

கடனில் பாதி, கால் என்ற பேச்சே கிடையாது. கூட்டாக வாங்கிய கடனில் ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. "என் பாதியை நான் கட்டிட்டேன்" என்பதைக் கணவரிடம் சொல்லலாம், மேனேஜரிடம் சொல்ல முடியாது. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால் வாராக்கடன். பிறகு, அடமான வீட்டை வங்கியே எடுத்து விற்க வழிசெய்யும் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும். கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண் இருவருக்கும் இறங்கும். விவாகரத்து ஆனாலும் வங்கி தன் ஒப்பந்தத்திலிருந்து யாரையும் தானாக விடுவிக்காது.

இனி பலரும் தப்பாக நினைத்துக்கொண்டிருக்கும் விஷயம். இருவர் பேரில் வீடு இருந்தால் ஒருவர் போனதும் மற்றவருக்கே முழுதும் வந்துவிடும் என்பார்கள். வராது. உயிரோடு இருப்பவரின் பங்கு அவருக்கே. இறந்தவரின் பங்கு, உயில் இல்லாவிட்டால், வாரிசுகளுக்குப் பிரியும். அந்தப் பிரிவினை நம் மாவட்டத்தில் ஒரே தெருவிலேயே மூன்று விதமாக இருக்கும்.

சரிபாதியாக வாங்கிய வீடு, கணவர் இறக்கிறார், இரண்டு பிள்ளைகள், அவருடைய அம்மாவும் இருக்கிறார் என்று வைப்போம். இந்துக் குடும்பம் என்றால் அவருடைய பாதி மனைவி, இரு பிள்ளைகள், அம்மா என நான்கு சமபங்காகும். மனைவி கையில் மொத்த வீட்டில் எட்டில் ஐந்து. கிறிஸ்தவர் என்றால் அந்தப் பாதியில் மூன்றில் ஒன்று மனைவிக்கு, மீதி பிள்ளைகளுக்கு. அவர் கையில் மூன்றில் இரண்டு. முஸ்லிம் என்றால் அந்தப் பாதியில் எட்டில் ஒன்று. மொத்தத்தில் பதினாறில் ஒன்பது. வீடு கணவர் பேரில் மட்டும் இருந்திருந்தால் இவர்களுக்குக் கிடைப்பது முறையே நாலில் ஒன்று, மூன்றில் ஒன்று, எட்டில் ஒன்று. பத்திரத்தில் ஒரு பேர் கூடுவதால் வரும் வித்தியாசம் இவ்வளவு. இதிலும் பழைய நிலைமை இன்னும் கொடுமை: நம் மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் வந்த 1916-ம் ஆண்டுத் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுச் சட்டம் விதவைக்கு ஆயுள்கால அனுபவ உரிமைதான் கொடுத்தது. அந்தச் சட்டத்தின் கதை 1951-லேயே முடிந்துவிட்டது என்று 1986-ல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

கல்ஃபில் வேலை பார்ப்பவர் வீட்டில் இன்னொன்று கவனிக்க வேண்டும். கடனோடு சேர்த்து எடுக்கும் காப்பீடு யார் உயிருக்கு என்று பாருங்கள். சம்பாதிப்பவர் பேரில் காப்பீடு இல்லாமல் அவருக்கு ஏதாவது ஆனால், முழுக் கடனும் ஊரில் இருப்பவர் தலையில்தான்.

வருமான வரிக்காகத்தான் கூட்டாக வாங்குகிறோம் என்பவர்களுக்கு: பழைய வரி முறையில் வட்டிக்கு ஆளுக்கு 2 லட்சம் வரை, அசலுக்கு, 80சி என்று அறியப்பட்ட 1.5 லட்சம் மொத்த வரம்புக்குள் கழிவு உண்டு. ஆனால் அவர் பத்திரத்திலும் இருக்க வேண்டும், கடனிலும் இருக்க வேண்டும், தவணையும் கட்டியிருக்க வேண்டும். 30 லட்சம் கடன், 8.5 சதவீதம், 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 26,035 ரூபாய். முதல் வருஷ வட்டியே இரண்டரை லட்சம். ஒருவர் மட்டும் என்றால் 2 லட்சத்தோடு நின்றுவிடும். புதிய முறையில், குடியிருக்கும் வீட்டுக்கு இந்தக் கழிவு எதுவும் இல்லை. அதனால் வரியை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள்.

பதிவுச் செலவு: கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக்கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் மதிப்பு வரையிலான சொத்து பெண்கள் பேரில் பதிவானால் பதிவுக்கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. ஆண் பேரும் சேருமானால் இந்தச் சலுகையை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். முதலில் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள்.

ஏற்கெனவே ஒருவர் பேரில் இருப்பதை, மற்றவருக்குப் பாதியை விலை வாங்காமல் கொடுக்கும் தானசெட்டில்மென்ட் பத்திரம் எழுதிச் சரிசெய்யலாம். குடும்பத்துக்குள் என்பதால் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000. பதிவுக்கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. கடன் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் வங்கியின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும். பிறகு கூட்டுப் பட்டாவுக்கு மனுக் கொடுக்க மறக்காதீர்கள்; வீட்டுவரி ரசீதிலும் பேர் மாற வேண்டும்.

கடன் முடிந்த 30 நாளுக்குள் வங்கி அசல் பத்திரத்தைத் தர வேண்டும். அதன் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்பது ரிசர்வ் வங்கி விதி, 2023 டிசம்பர் முதல். வாங்கிக்கொண்டு வந்து பீரோவில் வைத்துவிடாமல், அடமானம் தீர்ந்ததற்கான ரசீதையும் பதிவு செய்து, வில்லங்கச் சான்று போட்டு, அதில் அது ஏறியிருக்கிறதா என்று இருவருமாகப் பாருங்கள்.